இருமல்

பாலத்தைத் தூக்கிவிட்டால் படகுக்காரன் காசு தரவேண்டும்.
தூண்டில் கழியில் ஒரு மரச்செருப்பைக் கட்டி
கால்வாய்மேல் இறக்குவார் யெல்லே.
விழுகிற சத்தத்தை வைத்தே எவ்வளவென்று சொல்லிவிடுவேன்,
அடுப்படியில் இருந்தபடி.
அன்று சத்தமே இல்லை.
செருப்புக்குள் நாலாய் மடித்த காகிதம்.
ஆறு வயது. பையன். இன்றிரவு.

அப்போது என்ன நினைத்தீர்கள் என்று கேட்கிறீர்கள்.
நீங்கள் எழுதிக்கொள்ளும்படி ஏதாவது சொல்லத்தான் ஆசை.
உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது.
யெல்லே காகிதத்தை அடுப்பில் போட்டார்.
நான் இன்னும் மூன்று கிழங்கு உரித்தேன்.

சாக்கோடு சாக்காக வந்து இறங்கினான் லெவி.
விடிவதற்குள் அவனை லியூவெ ஆக்கவேண்டும்.
ராட்டர்டாமில் குண்டு விழுந்து வீடிழந்தவன்,
என் தங்கை மகன்.
எனக்குத் தங்கையே கிடையாது.
அவளுக்கு ஒரு பெயர் வைத்தோம், புருஷன் பார்த்தோம்,
தெருவும் கதவு எண்ணும் கொடுத்தோம்,
பிறகு அந்த வீட்டோடு அவளைச் சாகடித்தோம்.
எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துவிட்டு
பையன் கேட்டான்:
அந்த அம்மா நல்லவளா?

பால்காரன் வீப்ரன் எதிரிகளின் கட்சிக்காரன் என்று ஊரே சொல்லும்.
மறுநாளிலிருந்து அரை லிட்டர் கூட ஊற்றினான்.
நான் கேட்கவில்லை. அவன் கணக்கில் எழுதவில்லை.
இன்றுவரை எனக்கு விளங்காத மனிதன்.

சுவருக்குள் கட்டிய பெட்டிக்கட்டிலில், கதவு சாத்தி,
தலையணையைக் கடித்துக்கொண்டு
முதுகு மட்டும் குலுங்க
சத்தமில்லாமல் இருமுவான் லெவி.
பிறவியில் வந்ததல்ல அது.
சொல்லிக்கொடுத்தவள் நான்.

நாற்பத்தைந்து ஜூலையில் அவன் சித்தப்பா வந்தார்,
ஹார்டொக் என்று பெயர்.
உடம்பையே யாரிடமோ இரவல் வாங்கி வந்தவர்போல் நின்றார்.
லெவி, என்று கூப்பிட்டார்.
'நான் லியூவெ. ராட்டர்டாம். குண்டு விழுந்தது.'
தெரு, கதவு எண், ஒன்று விடாமல் ஒப்பித்துவிட்டு
கட்டிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.
சித்தப்பா தரையில் உட்கார்ந்தார்.
என்ன பேசுவதென்று தெரியாமலோ
நெஞ்சில் நிஜமாகவே சளியோ,
இருமினார். உரக்க. நெடுநேரம்.
கதவு ஒரு விரல் அளவு திறந்தது.
'சத்தமா இருமலாமா?'

மாலைப் படகில் போனார்கள்.
வளைவு திரும்பும்வரை அவன் இருமிக்கொண்டே போனது கேட்டது,
வேண்டுமென்றே, விளையாட்டாக.

இதோடு நிறுத்தினால் உங்கள் படிவம் நிரம்பிவிடும்.

நாற்பத்து நாலு, பிப்ரவரி.
சைக்கிளில் ஒரு மாணவி, பின்னால் சால்வைக்குள் ஒரு பெண்பிள்ளை.
நாலு வயதிருக்கும்.
நீலக் கையுறை, ஒரு கையில் மட்டும்.
கக்குவான் இருமல்.
பாலத்தடியில் எட்டுச் சிப்பாய்கள் கூடாரம் போட்டிருந்தார்கள்.
அவள் ஒருமுறை இருமினால் நாங்கள் நாலு பேரும் போவோம்.
கணக்கு சரிதான்.
எத்தனையோ ராத்திரி போட்டுப் பார்த்துவிட்டேன்,
பிழை அகப்படவில்லை.
ரொட்டி கொடுத்தேன், வெந்நீர் கொடுத்தேன்,
வேறு வீடு பாருங்கள் என்றேன்.
பெயரைக் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் கதவைச் சாத்தியிருக்க முடியாது,
அது தெரிந்துதான் கேட்கவில்லை.
யெல்லே எதுவும் சொல்லவில்லை,
சாகும்வரை சொல்லவில்லை.

வேறு வீடு கிடைத்திருக்கலாம்.
சிப்பாய் இல்லாத பாலங்கள் எத்தனையோ இருந்தன.

அடைக்கலம் பெற்ற குழந்தைகள்: ஒன்று.
அப்படித்தானே எழுதியிருக்கிறீர்கள்?
சரி.
கையெழுத்து எங்கே போடவேண்டும், காட்டுங்கள்.
காபி ஆறுகிறது, குடியுங்கள்.